ஒரு கரண்டி கத்திரிக்காய்

ஏன் கண்ணு, கேமராவை வயித்துக்குள்ள உட்டாங்கன்னா, உள்ளாற கத்திரிக்கா இருந்தாத் தெரியுமா?

சிரிக்காத சாமி. நெசமாத்தான் கேக்கறேன். படிச்ச புள்ளயாட்டத் தெரியற, அதுதான் உன்னையக் கேட்டேன். அந்த சிஸ்டரக் கேக்கலாம்னா, அது எப்பப் பாத்தாலும் ஓட்டமும் நடையுமாவே இருக்குது. டாக்டரக் கேட்டா, எதுக்கும்மா கேக்கறீங்கம்பாரு. அப்பறம் நான் என்னத்தச் சொல்லறது?

நீ ஆருக்குக் காத்திருக்கற? அம்மாவுக்கா? கண்ணு ஆபரேஷனா. அட, அது ஒண்ணுமில்ல, பயப்படாத. கறுப்புக் கண்ணாடி போட்டுச் சித்த நேரத்துல கூட்டியாந்துருவாங்க.

எனக்கு என்ற மருமக. கோகிலவாணின்னு பேரு. பித்தப்பையில கல்லுன்னு சொல்லி, போன வாரம் இங்கதான் எடுத்தாங்க. சாவித்துவார ஆபரேஷனாமா. அந்தக் காலத்தாட்ட அறுத்துக் கிழிக்கறதெல்லாம் இல்ல. வயித்துல அங்கொண்ணு இங்கொண்ணா சாவி போற அளவுக்கு ஓட்டை போட்டு, ஒண்ணுல கேமராவ உட்டு, மத்ததுல கத்தியும் கத்திரியும் உட்டு, கல்லோட பைய வெளிய எடுத்தர்றாங்க. மறுநாளே ஊட்டுக்கு அனுப்பிச்சுட்டாங்க. நாங்களும் சாமிக்குத் தேங்கா ஒடச்சுட்டுக் கூட்டிட்டுப் போனோம். இப்ப என்னடான்னா வலி நிக்கவே மாட்டீங்குது, உள்ள என்னமோ கோளாறு இருக்குதாட்ட, மறுக்காவும் ஓட்டை போட்டுக் கேமரா உட்டுப் பாக்கோணும்னு உள்ளாற கூட்டிட்டுப் போயிட்டாங்க. என்ற பையன் லோகு, அவ ஊட்டுக்காரன், என்னமோ ஊசி மருந்து வாங்கியாரோணும்னு கீழ எறங்கிப் போயிருக்கறான். நான் இங்க உக்காந்திருக்கறேன்.

எல்லாம் என்னாலதான் கண்ணு. என்ற கையாலதான். நான் போட்ட அந்த ஒரு கரண்டி கத்திரிக்காயாலதான்.

பின்ன? ஆபரேஷன் பண்ணின ஒடம்புக்குக் கத்திரிக்கா ஆகுமா? ஆகவே ஆகாது. கரப்பான் பண்டம் அது. கருவாடு ஆகாது, கத்திரிக்கா ஆகாது. தின்னா புண்ணு செவந்து, வீங்கி, சீழ் வெச்சுப்போகும். பச்சக் கொழந்தையக் கேட்டாச் சொல்லும். லோகுவ எனக்கு வயித்தக் கிழிச்சுத்தான் எடுத்தாங்க. எங்க மாமியா அந்தப் புண்ணு ஆறி மேல தோலு மூடற வரைக்கும் கத்திரிக்காய ஊட்டுக்குள்ளயே உடல. அத்தன தெரிஞ்ச நான் போட்டுட்டேன் பாரு.

நானும் மொதல்ல பத்தியம் சுத்தமாத்தான் பாத்தேன். பூண்டு ரசம், குழைய வடிச்ச சோறு, இட்லிக்குச் சக்கரை. தொட்டுக்க ஒண்ணுங் கெடையாது. அந்தப் புள்ளயும் ஒரு வார்த்தை பேசாம முழுங்குனா. அன்னைக்கு லோகுவுக்குன்னு காலைல கத்திரிக்கா கடைஞ்சேன். நம்ம பக்கம் இட்லிக்கு அதுதான சேரும்? தக்காளி, சின்ன வெங்காயம், பச்ச மொளகா எல்லாம் போட்டு வேக வெச்சு மத்துல கடைஞ்சு தாளிச்சுக் கொட்டுனேன். வாசம் அவ படுத்திருக்கற ரூமுக்குப் போயிருச்சு. "அத்தை, ஒரே ஒரு கரண்டி அத்தை. நாக்கு செத்துப்போச்சு"ங்கறா. வேண்டாங் கண்ணுன்னேன். மொகத்தப் பாத்தேன். வலியில தூங்காமத் தூங்காம கண்ணு குழி உழுந்து கெடக்குது. மனசு கேக்கல. ஒரு கரண்டி போட்டேன். ஒரு கரண்டிதான், சாமி சத்தியமா.

மறுநாளு பாத்தா, தொப்புளுக்கிட்ட இருக்கற ஓட்டை செவந்திருக்குது. அன்னையிலருந்து எனக்குச் சோறு எறங்கல. லோகுகிட்டச் சொல்லல. ஆருகிட்டயும் சொல்லல. மொத மொதல்ல உங்கிட்டத்தான் சொல்றேன். நீ ஆரோ, நான் ஆரோ. உங்கம்மா வந்ததும் நீ எந்திரிச்சுப் போயிருவ.

நீயே சொல்லு, நான் மருமகளக் கொடுமை பண்ற மாமியாளாட்டவா தெரியறேன்? அவ கட்டலுக்குக் கீழதான் பாய் போட்டுப் படுத்தேன். திரும்பிப் படுத்தா முழிச்சுக்குவேன். பாத்ரூமுக்கு நான்தான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவேன். ஒறம்பரை, சொந்தபந்தம்னு ஆராச்சும் வந்தா நான்தான் காப்பி வெச்சுக் குடுப்பேன், அவள அடுப்புக்கிட்டயே உடல. அவ பண்ண வேண்டிய சோலி ஒண்ணே ஒண்ணுதான். வந்தவங்கள எந்திரிச்சு உக்காந்து "வாங்க"ன்னு கேக்கோணும். அது கேட்டுத்தான ஆகோணும்? நம்ம பக்கத்துல ஒறம்பரைய வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்காமப் படுத்திருந்தா, வாசப்படி தாண்டறதுக்குள்ள பேச ஆரம்பிச்சுருவாங்க. ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கிட்டு ஒருத்தரு மாத்தி ஒருத்தரு வந்துட்டே இருந்தாங்க. அவ ஒவ்வொருக்காவும் தலகாணிய வயித்துல அமுக்கிப் புடிச்சுட்டு, பல்லக் கடிச்சுட்டு எந்திரிச்சு வாங்கம்பா. நான் பொறகால முதுகத் தாங்கிப் புடிச்சுக்குவேன்.

ஆனா ஒண்ணு சொல்லோணும் கண்ணு. ஓட்டை என்னமோ சின்னதுதான். வலி மட்டும் எப்படி அத்தன பெருசா இருக்கும்? எனக்கு இங்கிருந்து இங்க வரைக்கும் கிழிச்சாங்க. நான் பத்தாம் நாளு தண்ணிக்கொடம் எடுத்தேன். எங்க கொழுந்தன் பொண்ணுக்கும் இதே ஆபரேஷன்தான் பண்ணுனாங்க. அது ரண்டே நாள்ல ஜம்முனு நடந்து காலேஜுக்குப் போயிருச்சு. ஊருக்குள்ள எல்லாரும் அதையச் சொல்றாங்க. நானும் சொன்னேன். ஒருக்காவோ ரண்டுக்காவோ சொல்லியிருப்பேன்.

அதுலயும் பாரு, அவளுக்குத் தோள்பட்டை வலிக்குதுன்னா. வயித்துல ஆபரேஷன், தோள்ல வலி! லோகுவுக்குக் கோவம் வந்துருச்சு. அவன் கெட்டவன் இல்ல கண்ணு. ஆனா பகலெல்லாம் மில்லுல நின்னுட்டு வர்றவன், நாலஞ்சு நாளாத் தூக்கமில்ல. "தோள்ல எந்த டாக்டரு ஓட்டை போட்டான்? மாத்திரை வேளா வேளைக்குப் போட்டுட்டுத்தான இருக்கற? அப்பறம் எங்கிருந்துடி வருது வலி? நடிக்கறதுக்கும் ஒரு அளவு இருக்குது"ன்னுட்டான். அவ சொவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டா. திரும்பறதுக்கே ரொம்ப நேரம் ஆச்சு. நான் கதவுக்கிட்ட நின்னுட்டிருந்தேன். எனக்குச் சங்கட்டமாத்தான் இருந்துச்சு. ஆனாலும் புருசம் பொண்டாட்டிக்கு நடுவுல நாம எதுக்குப் போறதுன்னு கம்முனு இருந்துட்டேன்.

தோள் வலி வரும்னு சிஸ்டரு சொல்லித்தான் அனுப்பிச்சுது. வயித்துக்குள்ள பாக்கறதுக்கு எடம் வேணும்னு காத்து அடிக்கறாங்களாமா. மிச்சமிருக்கற காத்து மேல ஏறித் தோள்ல குத்துமாம். நடக்க நடக்கச் சரியாகும், அன்னைக்குச் சாயங்காலத்துலருந்தே ஊட்டுக்குள்ள நடக்க வைங்க, நல்லா மூச்ச இழுத்து உடச் சொல்லுங்கன்னுது. எங்க நடக்கறா? நாலு எட்டு வெச்சா வயித்தப் புடிச்சுட்டு ஒக்காந்துக்கறா. மூச்ச இழுக்கச் சொன்னா பாதியில நிறுத்திக்கறா. அப்பறம் நானே சொன்னேன், உட்ரு கண்ணு, படுத்துக்கன்னு.

மாத்திரையா? ஏன், அதெல்லாம் வேளா வேளைக்குக் குடுத்தேன். அதுல நான் ஒரு கொறையும் வெக்கல. புண்ணு சீழ் வெக்காம இருக்கறதுக்கு ஒண்ணு, வயிறு எரியாம இருக்கறதுக்கு ஒண்ணு, மலம் போறதுக்கு ஒரு மருந்து. எல்லாங் குடுத்தேன்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் குடுக்கல. இங்க வா, கிட்ட வா, காதக் குடு. அந்த வலி மாத்திரை இருக்குது பாத்தியா? வலிக்கும் வீக்கத்துக்கும்னு குடுத்தாங்களே, அதைய மட்டும் குடுக்கல. அவளுக்கே தெரியாது. லோகுவுக்கும் தெரியாது. எனக்கு எலும்புக்குன்னு டாக்டரு சுண்ணாம்புச் சத்து மாத்திரை எழுதிக் குடுத்திருக்கறாரு. அதுவும் வெள்ளையா, நீட்டமா, பாத்தா அதேயாட்டந்தான் இருக்கும். அதைய எடுத்து அவ கையில வெச்சு, வெதுவெதுன்னு தண்ணி குடுத்துருவேன். அவ மாத்திரையப் பாக்கக்கூட மாட்டா. அத்தை குடுத்தான்னா வாயில போட்டுக்குவா. அந்த வலி மாத்திரையெல்லாம் ஊட்டுக்குப் பொறகால பொடக்காளிச் சாக்கடையில போட்டுத் தண்ணிய ஊத்திட்டேன்.

ஏன்னா கேக்கற? சூடு கண்ட பூனை கண்ணு நானு. எங்கூட்டுக்காரரு மஞ்சள் மண்டியில மூட்டை தூக்குனவரு. சாயங்காலமாச்சுன்னா இடுப்பு புடிச்சுக்கும், காலு புடிச்சுக்கும். மண்டிக்கு எதுத்தாப்பல ஒரு மருந்துக்கடை. அங்க சீட்டும் இல்ல, டாக்டரும் இல்ல, கைய நீட்டுனா மாத்திரை. ஒண்ணு போட்டா மனுசன் குதிரையாட்ட ஓடுவாரு. வருசக்கணக்கா மிட்டாயாட்டத் தின்னாரு. கடைசில கிட்னி ரண்டும் சுருங்கிப்போச்சு. வலி மாத்திரை தின்னு தின்னுதான் போச்சுன்னு டாக்டரே என்ற மூஞ்சியப் பாத்துச் சொன்னாரு. அப்பறம் ரத்தம் சுத்தி பண்றதுக்கு வாராவாரம் அலைஞ்சோம். தண்ணிகூட அளந்துதான் குடுக்கோணும்னுட்டாங்க. சித்தர வெய்யில்ல ஒரு ஆம்பள "தண்ணி, மரகதம், தண்ணி"ன்னு கேக்கறாரு. நான் கால் டம்ளரு ஊத்திக் குடுத்துட்டு, மீதிய எடுத்துட்டுப் போயி ஒளிச்சு வெப்பேன். அந்தக் கை கண்ணு இது. இந்தக் கையால இன்னொரு உசுருக்கு அந்த மாத்திரைய எடுத்துக் குடுப்பனா?

லோகுகிட்டச் சொன்னா, "அம்மா, டாக்டர விட உனக்கு அதிகமாத் தெரியுமா"ம்பான். அதனாலதான் சொல்லல. அவ கிட்னிய நான் காப்பாத்தி உட்டுட்டேன். அந்த ஒரு நிம்மதிதான் எனக்கு. ஆனா அந்தக் கத்திரிக்கா... அங்க காப்பாத்தி இங்க கெடுத்துட்டனே.

நேத்துச் சாயங்காலம் அவளால முடியவே முடியல. லேசாக் காச்சலும் அடிச்சுது. வாடகைக்குக் காரு வெச்சு இங்க கூட்டியாந்தோம். ஊசி போட்டதும் கம்முனு தூங்கிட்டா. அத்தன நாளு கழிச்சு அப்பத்தான் அந்தப் புள்ள அசந்து தூங்குச்சு. ஊசியோட வேகம் எறங்குனதும் மறுக்காவும் அதே வலி. காலைல பெரிய டாக்டரு வந்தாரு. வந்ததும் மொதக் கேள்வியே, "வலிக்கும் வீக்கத்துக்கும் குடுத்த மாத்திரைய ஒழுங்காப் போட்டீங்களாம்மா?"

அவ சொல்றா, "போட்டனுங்க டாக்டர். ஒரு வேளகூடத் தவறல. எங்கத்தைதான் கையில எடுத்து வெச்சுக் குடுத்தாங்க." டாக்டரு என்னையப் பாத்து, "உங்களாட்ட ஒரு அத்தை இருந்தாப் போதும்மா"ன்னாரு. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அடுத்தது சாப்பாட்டப் பத்திக் கேட்டுருவாரோ, கத்திரிக்காயக் கண்டுபுடிச்சுருவாரோன்னு எனக்குப் பதறுது. நல்லவேள, கேக்கல. லோகுவப் பாத்துச் சொன்னாரு, "அந்த மாத்திரையும் போட்டு, இத்தன வலியும் இருக்குதுன்னா லேசுல உடக்கூடாது. பித்தம் உள்ள கசியுதான்னு பாக்கோணும். ஸ்கேன்ல தெளிவாத் தெரியல. மறுபடியும் மயக்கம் குடுத்து உள்ள ஒருக்காப் பாத்தறலாம்."

அவ்வளவுதான் கண்ணு. அதுலருந்து கத்திரிக்கா, கத்திரிக்கான்னுதான் எனக்கு மண்டைக்குள்ள ஓடுது.

என்ன? ஏன் எந்திரிச்சுட்ட? உக்காரு. உங்கம்மாவ இன்னும் வெளிய கூட்டியாரல.

என்ன கேக்கற? அப்ப வலிக்கு அவ என்னதான் போட்டாங்கறயா? அதுதான் சொன்னனே, சுண்ணாம்புச் சத்து... வலிக்குன்னு போட்டது...

ஒண்ணுமில்ல. வலிக்குன்னு ஒண்ணும் போடல.

இரு. இரு கண்ணு, வேகமாப் பேசாத. எனக்குப் புரியற மாதிரிச் சொல்லு. ஓட்டை செவந்ததுக்கும் கத்திரிக்காய்க்கும் சம்பந்தமில்லயா? சரி, உடு, அதைய உடு. டாக்டரு சொல்லி நாலு நாளைக்குப் போடறது வேற, எங்கூட்டுக்காரரு கடையில வாங்கி வருசக்கணக்காத் தின்னது வேறயா? டாக்டரு கிட்னியெல்லாம் சோதிச்சுப் பாத்துட்டுத்தான் எழுதிக் குடுப்பாங்களா? ரத்தம் எடுத்தாங்க, ஆமா. ஆபரேஷனுக்கு முன்னால எடுத்தாங்க. வலிய அடக்குனாத்தான் நடக்க முடியும், நடந்தாத்தான் காத்து கலையும், மூச்ச முழுசா இழுத்தாத்தான் காச்சல் வராது... ஆமா. ஆமா, சிஸ்டரு இதைய அன்னைக்கே சொல்லுச்சு. வலி வர்றதுக்கு முன்னாலயே குடுத்தறோணும், வந்ததுக்கப்பறம் தேடக்கூடாதுன்னு சொல்லுச்சு. நான்தான் தலைய ஆட்டிட்டு வந்தேன்.

அப்படின்னா அவளுக்கு வலிச்சது, மாத்திரை போட்டும் வலிச்சது இல்ல. மாத்திரையே போடாம வலிச்சது. டாக்டருக்கு அது தெரியாது. போட்டான்னு நெனச்சுட்டுத்தான் உள்ள கோளாறுங்கறாரு.

அப்ப உள்ளாற ஒண்ணும் இல்லாமக்கூட இருக்கலாம்.

அய்யோ சாமி. புள்ளயாரு புடிக்கப் போயிக் கொரங்கா முடிஞ்சுபோச்சே. எந்திரிச்சு வாங்கன்னு கேளு, எந்திரிச்சு வாங்கன்னு கேளுன்னு, வலிக்கு ஒண்ணும் போடாத வயித்தோட அவள எத்தன வாட்டி எந்திரிக்க வெச்சேன். ஒருத்தியும் பொறுத்திருக்க மாட்டா கண்ணு. இந்தப் புள்ள பொறுத்துது. என்ற பையன் நடிக்காதன்னு சொன்னப்ப நான் கதவுக்கிட்டத்தான் நின்னேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்கும். அவளுக்கு அந்தச் சொல்லு எப்படி இருந்திருக்கும்? வலிச்சத விட அதுதான வலிச்சிருக்கும்?

இல்ல கண்ணு, நீ சொல்ற மாதிரி டாக்டர்கிட்ட ஓடிப்போயிச் சொல்ல எனக்குக் காலு வர மாட்டீங்குது. சொன்னா லோகு என்ற மூஞ்சியில முழிப்பானா? அவ என்னைய அத்தைன்னு கூப்புடுவாளா? நாளைக்கு நான் ஒரு டம்ளரு தண்ணி குடுத்தா வாங்கிக் குடிப்பாளா? சம்பந்தி ஊட்டுல என்ன பேசுவாங்க? மருமகளுக்கு மருந்த மாத்திக் குடுத்தவன்னு ஊரே பேசும். நான் அப்படி இல்ல கண்ணு. நான் நல்லதுக்குத்தான் செஞ்சேன்.

ஒருவேள உள்ளாற நெசமாவே ஏதாச்சும் இருந்தா? டாக்டரு சும்மா சொல்லுவாரா? பாக்கறது நல்லதுதான? பாத்துட்டு ஒண்ணுமில்லன்னா மூடி உட்டுருவாங்க. என்ன இப்ப, மறுக்காவும் சின்ன ஓட்டைதான...

ச்சே. என்ன பேசறேன் நானு. கேட்டியா கண்ணு, என்ற வாயில என்ன வருதுன்னு கேட்டியா? அவ வயித்த மறுக்கா ஓட்டை போட்டாலும் பரவால்ல, எனக்குப் பேரு கெடக்கூடாதுங்கறேன். இத்தன நாளு அந்தப் புள்ளயக் கண்ணுன்னு கூப்பிட்ட வாயா இது?

நீ போயிச் சொல்றயா சாமி? நான் இங்கயே உக்காந்திருக்கறேன். இல்ல, வேண்டாம். நீ என்னன்னு சொல்லுவ.

அதா, கதவு தெறக்குது. கோகிலவாணியோட வந்தவங்க ஆருன்னு கேக்கறாங்க. கையப் புடி கண்ணு, எந்திரிக்கறேன்.

நாந்தானுங்க. சிஸ்டரு, சித்த நில்லுங்க. இல்லீங்க, அவ சேலை துணிமணிய வாங்கிக்கறதுக்கு இல்ல. டாக்டர ஒரு நிமிசம் பாக்கோணும். ஆமாங்க, இப்பவே. மயக்க ஊசி போட்டறாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவ டாக்டர்கிட்டச் சொன்னது தப்புங்க. அவ பொய் சொல்லல, அவளுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

லோகு வந்துட்டான். படியேறி வர்றான் பாரு, மருந்துப் பையத் தூக்கிட்டு. வா சாமி. பதறாத, அவளுக்கு ஒண்ணுமில்ல. அந்தப் பைய பக்கத்துல நிக்கற இந்தப் புள்ளகிட்டக் குடுத்துட்டு எங்கிட்ட வந்து நில்லு. சிஸ்டரு இருக்கட்டும், எல்லாருங் கேக்கட்டும். உன்ற பொண்டாட்டி ஒரு நாளுகூட நடிக்கல லோகு. வலிக்கு அவளுக்கு நான் ஒரு மாத்திரைகூடக் குடுக்கல.